பத்து வருடமாகக் காசு கேட்காத பூட்டுக்காரன்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, பண்டாரவளையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வந்தது ஐந்தாம் நாள் சாயங்காலம். அதுவரை போனுக்கு சார்ஜ் ஏற்ற, டவுனில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில்தான் வரிசை. சிக்னல் ஒரு கோடு வந்தால் முதல் கோல் வெலிமடைப் பக்கம் இருக்கிற மாமா வீட்டுக்கு, அடுத்தது அட்டனில் அக்காவுக்கு. எங்கே மண் சரிந்தது, யார் வீடு போனது என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரத்தில் வெப்சைட்டை யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை.

கரண்ட் வந்த அன்று ராத்திரிதான் லெப்டொப்பைத் திறந்தேன். நான் பார்த்துக்கொள்கிற 23 சைட்களும் பச்சையாக நின்றன. அதில் மூன்றுக்கு அந்த இருட்டு நாட்களுக்குள்ளேயே எஸ்எஸ்எல் சான்றிதழ் (சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் யாரும் ஒட்டுக்கேட்காமல் பூட்டுப் போட உதவுகிற கோப்பு) தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் பருப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். சர்வர் இருப்பது சிங்கப்பூரில், அங்கே புயல் இல்லை, ஆகவே இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு காலத்தில் அந்த வேலையைக் கையால் செய்தவன் நான். அப்படியே இருந்திருந்தால் அந்த வாரம் மூன்று வாடிக்கையாளர்களின் சைட் சிவப்பு எச்சரிக்கைத் திரை காட்டியிருக்கும்.

அந்தச் சான்றிதழ்களைத் தருகிற சேவைதான் லெட்ஸ் என்க்ரிப்ட். சாப்பிட்ட கடைக்கெல்லாம் நட்சத்திரம் போடுகிறோம். பத்து வருடமாக ஓசியில் வாங்குகிற இதற்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். நல்லதும் இருக்கும், வலித்ததும் இருக்கும்.

முதலில் பழைய கதை. 2014இல் எல்லவில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு முதல் சான்றிதழ் வாங்கினேன். காசு டொலரில் கட்ட வேண்டும், என்னிடம் கிரெடிட் கார்ட் கிடையாது. கொழும்பில் வேலை செய்த கூட்டாளியின் கார்டில் வாங்கி, காசை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் அந்த டொமைன் எங்களுடையதுதானா என்று உறுதிப்படுத்த, அட்மின் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதம் அனுப்பினார்கள். அப்படி ஒரு முகவரியே எங்களிடம் இல்லை. அதை உண்டாக்கி, கடிதத்தைப் பிடித்து, கோப்புகளைச் சரியான வரிசையில் ஒட்டி முடிக்க இரண்டு நாள். அடுத்த வருடம் அதே கூத்து மறுபடி, ஏனென்றால் போன வருடம் தனிச்சாவிக் கோப்பை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது. கெஸ்ட் ஹவுஸ் முதலாளி பில்லைப் பார்த்துக் கேட்டார்: “என்ன தம்பி, பூட்டுக்கு வருஷா வருஷம் வாடகையா?” என்னிடம் பதில் இல்லை.

லெட்ஸ் என்க்ரிப்ட் எல்லாருக்கும் கதவைத் திறந்தது 2015 டிசம்பர் 3ஆம் தேதி. இலாபம் பார்க்காத ஓர் அமைப்பு நடத்துகிறது, பெயர் இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப். நான் சந்தேகப்பிராணி. ஓசியில் கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று யோசித்து, 2016 ஏப்ரலில் பீட்டா, அதாவது சோதனைக் கட்டம், என்ற ஒட்டை எடுத்த பிறகுதான் கை வைத்தேன். 2018 ஜூலையில் குரோம் உலாவி, பூட்டு இல்லாத எல்லா சைட்டையும் ‘பாதுகாப்பானதல்ல’ என்று காட்டத் தொடங்கியது. அந்த மாதம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் தன் சைட்டில் யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்றே நினைத்துவிட்டார். ஒரே வாரத்தில் ஒன்பது சைட்டுக்குப் பூட்டுப் போட்டேன், சான்றிதழுக்குச் செலவு சைபர்.

அந்தச் சைபரின் மதிப்பு 2022இல்தான் முழுதாகத் தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாச் சொச்சத்தில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. சர்வர் வாடகையையே வாடிக்கையாளரிடம் கேட்க வாய் வராத காலம். சான்றிதழுக்கும் டொலர் கட்ட வேண்டியிருந்தால் பாதிச் சைட்டை மூடியிருப்பேன்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ‘இந்த வீடு உன்னுடையதுதானா? அப்படியென்றால் நான் தருகிற சீட்டை உன் வாசல் கதவில் ஒட்டு, வந்து பார்க்கிறேன்’ என்று சொல்கிற மாதிரி. உங்கள் சர்வரில் இருக்கிற செர்ட்பொட் போன்ற ஒரு சின்ன நிரல், அந்தச் சீட்டை ஒரு கோப்பாக உங்கள் தளத்தில் வைக்கும். அவர்கள் 80ஆம் போர்ட் (சர்வரின் பூட்டில்லாத வாசல்) வழியாக வந்து வாசித்துவிட்டு, சரி என்றால் சான்றிதழ் தருவார்கள். ஆயுள் 90 நாள். 30 நாள் மிச்சம் இருக்கும்போதே செர்ட்பொட் புதுசு வாங்கிவிடும். இல்லாவிட்டால் சீட்டை வாசலில் ஒட்டாமல் டிஎன்எஸ்ஸில், அதாவது சைட் பெயர் எந்த சர்வருக்கு என்று சொல்கிற பதிவேட்டில், எழுதிக் காட்டலாம். வெளியுலகம் எட்டாத உள் சர்வர்களுக்கும், நட்சத்திரக் குறிபோட்டு எல்லாத் துணைப்பெயர்களையும் ஒரே சான்றிதழில் அடக்குவதற்கும் டிஎன்எஸ் வழிதான்.

வாசல் வழியில் என்னிடம் வரும் பத்து முறைப்பாட்டில் எட்டுக்கு மூன்றே காரணம். ஒன்று, பாதுகாப்பு என்று சொல்லி யாரோ 80ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள். அதைத் திறந்து வைத்து, வருபவர்களைப் பூட்டுள்ள வாசலான 443க்குத் திருப்பிவிட்டால் போதும். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு சர்வருக்கு ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு வகை எண் முகவரி இருக்கலாம். சர்வரை மாற்றும்போது பழைய ஐபிவி4 முகவரியை மாற்றிவிட்டு, ஐபிவி6 பதிவை அப்படியே விட்டுவிடுவது. நமக்கு ஐபிவி4 வழியாகச் சைட் அழகாகத் திறக்கும். லெட்ஸ் என்க்ரிப்டோ ஐபிவி6 இருந்தால் முதலில் அந்த வழியாகத்தான் வரும். பழைய சர்வரின் வாசலில் நின்று ‘சீட்டைக் காணோமே’ என்று திரும்பிப் போய்விடும். நானே ஒரு தடவை முக்கால் நாள் இதில் தொலைத்தேன்.

மூன்றாவது, ‘இலங்கைக்கு மட்டும் திற’ என்று மற்ற நாடுகளைத் தடுத்து வைப்பது. லெட்ஸ் என்க்ரிப்ட் 2020 பெப்ரவரியிலிருந்து ஒரே இடத்தில் நின்று பார்ப்பதில்லை, உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஒரு பாதையை மட்டும் திருப்பிவிட்டு யாராவது ஏமாற்றக்கூடாது என்பதற்காக. எந்த முகவரியிலிருந்து வருவோம் என்றும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நாடுகளைத் தடுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளருக்கு டிஎன்எஸ் வழியில் வாங்கிக் கொடுங்கள், சண்டை மிச்சம்.

இனி வலித்த கதை. 2025 ஆகஸ்டில், காலை ஆறு மணி ஆகவில்லை, போன் அடித்தது. நான் சைட் செய்து கொடுத்த ஒரு மலர்ச்சாலையின் அண்ணன். அவர்கள் சைட்டில் மரண அறிவித்தல் போடுவார்கள், இறுதிக்கிரியையை நேரலையாகவும் காட்டுவார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், எல்லாராலும் வந்து சேர முடியாது.

“தம்பி, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?”

“இல்லண்ணே, சொல்லுங்க.”

“லண்டன்ல இருக்கிற மகளுக்கு சைட் திறக்க மாட்டேங்குதாம். சிவப்பா என்னமோ வருதாம். பத்து மணிக்கு பெட்டி எடுக்கிறாங்க.”

போர்வைக்குள்ளிருந்தே போனில் திறந்து பார்த்தேன். சான்றிதழ் நேற்று ராத்திரியோடு காலாவதி. ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்று அழுத்தவும் வழி இல்லை, ஏனென்றால் எச்எஸ்டிஎஸ் என்ற கண்டிப்பை அந்த சைட்டுக்கு நானே பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். அது இருந்தால், முன்பு ஒரு தடவை அந்த சைட்டைத் திறந்த உலாவி, சான்றிதழ் சரியில்லாதபோது உள்ளே விடாது.

லெப்டொப்பில் சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் விசித்திரம். செர்ட்பொட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஜூலை நடுவிலேயே புதுச் சான்றிதழ் வந்து, கோப்புறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. சைட்டை வருபவர்களுக்குக் காட்டுகிற வெப் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ்தான் பழையதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் பிடித்தது புரிய. என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தொடங்கும்போது ஒரு தடவை வாசித்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். கோப்பு மாறியது என்று யாராவது சொன்னால்தான் மறுபடி வாசிக்கும். மே மாதம் அந்த சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியபோது, சான்றிதழை மட்டும் வாங்கித் தரும் முறையில் செர்ட்பொட்டை ஓட்டியிருக்கிறேன், என்ஜின்எக்ஸுக்குச் சொல்லச் சொல்லவில்லை. மற்ற சர்வர்களில் இந்தத் தவறு வெளியே தெரியாததற்குக் காரணம், நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது நோண்டி ரீலோட் செய்துவிடுவேன். இதை நோண்டவில்லை. ஒழுங்காக இருந்த சர்வர்தான் மாட்டிக்கொண்டது.

ரீலோட் கட்டளை அடிக்க மூன்று விநாடி. அண்ணனுக்குப் போன் பண்ணி, லண்டனில் மறுபடி திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. “என்ன, பூட்டு ரிப்பேரா?” என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் விளக்க முகம் இல்லை. அந்த வருடத்துப் பராமரிப்புக் காசை நான் கேட்கவில்லை.

பரிகாரம் இதுதான், இன்றைக்கே செய்யலாம். செர்ட்பொட்டின் கோப்புறைக்குள் ரினியூவல் ஹூக்ஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் டிப்ளோய் என்று ஒன்று. அதில் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்கிற ஒரு வரி ஸ்கிரிப்ட்டைப் போட்டு, இயங்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள். எந்தச் சான்றிதழ் புதுப்பித்தாலும் அது ஓடும். அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கும் அப்படியே. மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் போஸ்ட்பிக்ஸ், டவ்கொட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவற்றைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

அந்தக் காலையில் என் முதல் கோபம் லெட்ஸ் என்க்ரிப்ட் மேல்தான். முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும். அதை 2025 ஜூன் 4ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். ஜனவரியிலேயே அறிவித்தார்கள், காரணமும் சொன்னார்கள்: பெரும்பாலானோர் தானியங்கியாகிவிட்டார்கள், லட்சக்கணக்கான முகவரிகளைச் சேர்த்து வைப்பது அந்தரங்கத்துக்கு நல்லதல்ல, வருடத்துக்குப் பல்லாயிரம் டொலர் செலவு. சரிதான். ஆனால் இரண்டாவது பிளேன்டி குடிக்கும்போது யோசித்தேன். அந்த மின்னஞ்சல் இருந்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. அவர்கள் கணக்கில் சான்றிதழ் ஜூலையிலேயே புதுப்பிக்கப்பட்டாயிற்று. அவர்கள் பார்ப்பது புதுசு வாங்கினாயா என்பதை, நீ வாசலில் எதை மாட்டியிருக்கிறாய் என்பதை அல்ல. கோப்புறையை எட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்ட்டும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும்.

ஆகவே வெளியிலிருந்து வருகிற ஒரு விருந்தாளி மாதிரி பார்க்கிற காவல் வேண்டும். நான் அப்டைம் கூமா வைத்திருக்கிறேன். திறமூல நிரல், ஓசி, ஒரு ஜிபி ராம் உள்ள விபிஎஸ் என்ற சின்ன வாடகை சர்வரில் ஓடுகிறது. சைட்கள் இருக்கும் அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள், வீடு எரியும்போது காவல்காரனும் உள்ளே படுத்திருப்பான். சான்றிதழுக்கு 21, 14, 7 நாள் மிச்சம் இருக்கும்போது டெலிகிராமில் செய்தி அனுப்பும். 90 நாள் சான்றிதழ் 30 நாள் இருக்கும்போதே புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பதால், 21ஆம் நாள் செய்தி வந்தாலே எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகஸ்டிலிருந்து இதுவரை எனக்கு அந்தச் செய்தி ஒரு தடவைதான் வந்தது, அதுவும் ஐபிவி6 கதைதான்.

பழைய போன் விஷயத்தையும் சொல்ல வேண்டும், இது நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம். தொடக்கத்தில் லெட்ஸ் என்க்ரிப்டை உலகம் அறியாது. அதனால் ஏற்கெனவே எல்லாக் கருவிகளும் நம்புகிற ஒரு பழைய மூலச் சான்றிதழின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. 2021 செப்டெம்பர் 30இல் அந்த மூலம் காலாவதியானபோது என் பழைய சென்டொஸ் சர்வரில் ஓடிய ஒரு ஸ்கிரிப்ட், எல்லா சைட்டும் போலி என்று அலறியது. அதில் சான்றிதழைச் சரிபார்க்கிற பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் மூளை அவ்வளவுதான். காலாவதியான மூலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தவுடன் அடங்கிவிட்டது. பழைய ஆண்ட்ராய்ட் போன்களுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாட்டில் அந்தக் கையை இன்னும் மூன்று வருடம் பிடிக்க வைத்தார்கள். 2024 பெப்ரவரி 8இலிருந்து அந்த ஏற்பாட்டையும் விலக்கத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்ட் 7.1.1க்குக் கீழே உள்ள போன்களில் அதன் பிறகு சைட் திறக்காது.

முன்கூட்டியே அறிவித்த விஷயம்தான். நான் வாசிக்கவில்லை. என் வாடிக்கையாளர்களில் ஒரு டியூட்டரி இருக்கிறது, பரீட்சை மார்க்ஸ் சைட்டில் வரும். மேட்டு லயத்துப் பிள்ளைகளிடம் இருப்பது அண்ணனுக்கு அண்ணன் பாவித்து, திரை வெடித்து, கடைசியில் தம்பி கைக்கு வந்த போன்கள். “சேர், பக்கம் வரல” என்று ஒன்பது பிள்ளைகள் வந்து சொன்னதாக அங்கே கணக்குப் படிப்பிக்கிற சேர் எனக்குப் போன் பண்ணினார். போய் ஒரு போனை வாங்கிப் பார்த்தேன், ஆண்ட்ராய்ட் 6. பயர்பொக்ஸ் உலாவி தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே சுமந்துகொண்டு வரும், போனின் பட்டியலைக் கேட்காது. அதைப் போட்டதும் திறந்தது. டியூட்டரி நோட்டீஸ் போர்டில் கடதாசியில் எழுதி ஒட்டினோம்: ‘பழைய போன் உள்ளவர்கள் பயர்பொக்ஸ் போட்டுக்கொள்ளவும்.’ இப்போது பயர்பொக்ஸும் அவ்வளவு பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டுவிட்டது. அந்தப் போன்களும் பெரும்பாலும் செத்துவிட்டன.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் மேலானது இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அதே நகைக்கடைக்காரரிடம் ஒரு விற்பனைப் பையன் வந்து, பெரிய விலைச் சான்றிதழ் வாங்கினால் முகவரிப் பட்டையில் கடைப் பெயர் பச்சையில் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். குரோம் அந்தப் பெயர் காட்டும் வழக்கத்தை 2019லேயே எடுத்துவிட்டது. 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு இரண்டு கோடு போட்ட ஒரு குறியை வைத்தது. ‘பூட்டைக் கழற்றிவிட்டீர்களா’ என்று அப்போதும் இவரிடமிருந்துதான் போன் வந்தது. பூட்டு எடுக்கப்பட்டதற்குக் காரணம் நியாயமானது. பூட்டு இருந்தால் நல்ல சைட் என்று சனம் நம்புகிறது, போலி வங்கி சைட் செய்கிற கள்ளனுக்கும் இதே சான்றிதழ் ஓசியில் கிடைக்கும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், வீட்டுக்காரர் யோக்கியர் என்பதற்கு அல்ல.

லெட்ஸ் என்க்ரிப்ட் பக்கமும் தவறே நடக்காமல் இல்லை. 2020 பெப்ரவரி 29இல் தங்கள் நிரலில் ஒரு பிழை கண்டுபிடித்து, சுமார் 30 லட்சம் சான்றிதழ்களைச் சில நாட்களுக்குள் இரத்துச் செய்யப்போவதாக அறிவித்தார்கள். என் சைட் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு, மாற்றாத சைட்கள் உடைந்துவிடும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை இரத்துச் செய்யாமல் விட்டார்கள். மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அது எனக்குப் பிடித்தது.

தமிழ்ப் பெயருக்கும் வேலை செய்கிறது. ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பெயரும் தமிழில், முடிவும் ‘.இலங்கை’ என்று ஒரு முகவரி எடுத்தோம். செர்ட்பொட்டிடம் தமிழில் பெயரைக் கொடுத்தால் ஏற்காது. எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. சங்கத் தலைவர் முகவரியை உரக்க வாசித்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். நான் அந்த எக்ஸ்என் வடிவத்தை அவருக்குக் காட்டவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் செர்ட்பொட்டையே சொல்வதில்லை. கேடி என்று ஒரு வெப் சர்வர் இருக்கிறது. பெயரைக் கேட்டு அம்மா சிரித்தார், “பேரே கேடி, அவன்கிட்டயா சாவியைக் குடுக்கிற?” ஆனால் தங்கமான பிள்ளை. சைட் பெயரை எழுதி இரண்டு வரி அமைப்புக் கொடுத்தால், சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது, மாற்றி மாட்டுவது எல்லாம் தானே செய்யும். லெட்ஸ் என்க்ரிப்ட் கிடைக்காவிட்டால் ஸீரோஎஸ்எஸ்எல் என்ற இன்னொரு சான்றிதழ் சேவையிடம் போய்க் கேட்கும். போன வருடத்திலிருந்து புது சைட் எல்லாம் கேடியில்தான் போடுகிறேன். பழையவற்றை மாற்ற நேரம் இல்லை.

நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் போரம் 2025 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தது. அதுவரை 398 நாள் வரை இருந்த சான்றிதழ் ஆயுள், 2026 மார்ச் 15இலிருந்து 200 நாள், 2027 மார்ச் 15இலிருந்து 100, 2029 மார்ச் 15இலிருந்து 47. காசு கொடுத்து வாங்குபவர்களுக்கும் இதே கதிதான். ஒரு வருடத்துக்குக் காசு கட்டினாலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏறி மாட்ட வேண்டி வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் அதற்கும் முந்திக்கொண்டு, 2027 பெப்ரவரியில் 64 நாளாகவும் 2028 பெப்ரவரியில் 45 நாளாகவும் குறைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது.

தானியங்கியாக வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டு இடத்தில் இடிக்கும். மேலே சொன்ன கூமா எச்சரிக்கை முதலாவது. 45 நாள் சான்றிதழை மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது, அதாவது 15 நாள் இருக்கும்போதுதான் புதுப்பிப்பார்கள். அப்போது 21ஆம் நாள் எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் வீணாக அலறும், நீங்கள் அதைச் சத்தமில்லாமல் ஆக்குவீர்கள், நிஜமாக உடையும் அன்று தெரியாது. அதை 10க்குக் கீழே இறக்குங்கள். இரண்டாவது, குரோனில் (குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பிவிடுகிற நிரல்) கையால் எழுதிய நாட்கணக்கு. இதில் குற்றவாளி நானே.

மறுபடி எல்லவில் அதே கெஸ்ட் ஹவுஸ். 2022 தொடக்கத்தில் அவர்கள் கிச்சனுக்கு ஓடர் எடுக்க ஒரு சின்னப் பெட்டிக் கணினியும் இரண்டு டெப்லட்டும் வைத்தோம். வெளியே இருந்து எட்ட முடியாத உள் சர்வர். ஆனால் டெப்லட் கேமராவால் கியூஆர் படிக்க வேண்டும், பூட்டு இல்லாத சைட்டுக்கு உலாவி கேமராவைத் திறந்துவிடாது. அதனால் டிஎன்எஸ் வழியில் நிஜச் சான்றிதழ். கரண்ட் போய் வந்ததும் தானாகக் கிளம்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், அதில் டொக்கர் கொள்கலனை (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டுகிற கூடு) அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மாதிரி. சான்றிதழ் இருந்ததும் அந்தக் கொள்கலனுக்குள்ளேதான். மார்ச் மாதம் கரண்ட் வெட்டு ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பெட்டி எழுந்து, சான்றிதழைத் தொலைத்து, புதுசு கேட்டது. ஒரே பெயருக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள். ஆறாவது தடவை ‘போதும்’ என்று சொல்லிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஓடர் எல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுத்தான். தவறு முழுக்க என்னுடையது. சான்றிதழை வெளியே நிலையான இடத்தில் வைத்திருக்க வேண்டும், சோதனை செய்வதற்கென்றே ஸ்டேஜிங் என்று தனி வாசல் வைத்திருக்கிறார்கள், அதைப் பாவித்திருக்க வேண்டும்.

அப்புறம் திருத்தினேன். திருத்திய கையோடு, இனி வம்பே வேண்டாம் என்று குரோனில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, 1ஆம் தேதி புதுப்பி என்று எழுதிவிட்டு வந்தேன். ஜூலை 1இலிருந்து செப்டெம்பர் 1 வரை 62 நாள். 90க்குச் சரி. 64க்கு இரண்டு நாள்தான் மிச்சம். 45க்கு அந்தப் பெட்டி செத்தது. அதை எடுத்துவிட்டு, நிரலைத் தினமும் இரண்டு தடவை ஓடவிட்டு எப்போது புதுப்பிப்பது என்று அதையே முடிவு செய்யவிட வேண்டும்.

டிசம்பரில், புயலுக்குப் பிறகு, முதல் தடவையாக அவர்களுக்கு 10 டொலர் நன்கொடை அனுப்பினேன். வங்கியிலிருந்து வந்த செய்தியில் 3,100 ரூபாக்குக் கிட்ட கழிந்திருந்தது. 23 சைட்டுக்கு, பத்து வருடத்துக்கு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சைபரை விடப் பரவாயில்லை. ஐந்து நட்சத்திரத்தில் நான்கரை போடுவேன். அந்த அரை, மேட்டு லயத்துப் பிள்ளைகளின் போனுக்காக.

எல்லப் பெட்டிக்கு வெளியிலிருந்து நுழைய நான் வழி வைக்கவில்லை, நேரில்தான் போக வேண்டும். இந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் போகிறேன். முதலாளியிடம் சொல்லிவைத்தேன். கிச்சனில் இருக்கிற தம்பி அந்தப் பெட்டியின் மேல்தான் முட்டைத் தட்டை அடுக்கி வைக்கிறாராம், வரும் முன் போன் பண்ணச் சொன்னார்.